புதுப் பயல் தேறுவானா? கபடியில் பிடிக்காரன் உடம்பைப் பார்த்துச் சொல்வது எப்படி

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் டீக்கடைப் பேச்சு எல்லாம் முந்தின ராத்திரி நடந்த மின்னொளி கபடியைப் பற்றித்தான் இருக்கும். ஜெயித்த அணியைப் பற்றி ரெண்டு வார்த்தை, பாடிப் போய்த் தொட்டு வருகிற பெரிய ரைடரைப் பற்றி நாலு வார்த்தை, அப்புறம் பேச்சு நேராக அந்தப் புதுப் பயலிடம் வந்து நின்றுவிடும். "எலே, லெஃப்ட் கார்னர்ல நின்னானே, அவனுக்கு உடம்பே இல்லலே. காத்தடிச்சா சாஞ்சிருவான்" என்பார் ஒருவர். "அண்ணாச்சி, அவன் பிடிச்ச நாலு பிடியப் பாத்தியளா இல்லியா?" என்று இன்னொருவர் எகிறுவார். "உயரம் காணாது." "வயசு பதினேழுதான, இன்னும் ஏறும்." "மணத்தி கணேசன் அண்ணாச்சி என்ன ஜிம்முக்குப் போயா வெளயாண்டாரு?" மணத்தி கணேசன் இந்திய அணிக்கு ஆடிய எங்கள் பக்கத்துக்காரர். இப்படியே பத்து மணி பஸ் வரும் வரைக்கும் போகும்.

நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர், திசையன்விளை என்று இருபத்தைந்து வருஷமாக இந்தச் சண்டையை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கூடச் சேர்ந்து போட்டும் இருக்கிறேன். ஊர் அணிக்குப் பத்து வருஷம் கவர் நின்றவன், இப்போது காலையில் பயல்களுக்குப் பயிற்சி நடக்கும்போது போய் நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உடம்பைப் பார்ப்பது தப்பே இல்லை. கபடி உடம்பால் ஆடுகிற ஆட்டம், உடம்பைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது? ஆனால் நாம் பார்க்கிற நேரமும் தப்பு, இடமும் தப்பு. சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்று கைகொடுக்கும்போது நெஞ்சையும் கையையும் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது இடுப்புக்குக் கீழே, அதுவும் ரைடர் பாடி வந்து பத்துப் பன்னிரண்டு விநாடி ஆன பிறகு. அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் ஆரம்பிக்கிற விவாதம் எதுவும் உருப்படாது. பிடிக்கிற வரிசையின் ஓரத்தில் நிற்கிறவன் கார்னர், அவனுக்கு உள்பக்கம் நிற்கிறவன் கவர். கார்னருக்கு வேண்டிய உடம்பு வேறு, கவருக்கு வேண்டியது வேறு. கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஆண்கள் ஆடுகிற மேட், அதாவது ரப்பர் விரிப்பு, 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நம் பாதி ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் ரைடர் தாண்டியாக வேண்டிய பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. அப்படியானால் போனஸ் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றேமுக்கால் மீட்டர்தான். ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் தீர்ந்தது. அந்த ஒன்றேமுக்கால் மீட்டருக்குள் குனிந்து, பின்னால் கோட்டை மிதித்துவிடாமல், ரைடர் கால் நீட்டும் வரை காத்திருந்து, நீட்டிய காலைப் பிடித்து நிறுத்துவது கார்னர் வேலை. கவர் ஆளுக்கு அப்படி இல்லை. அவன் ஓடி வந்து மோதணும். உள்ளே ஆழமாகப் போன ரைடர் திரும்புகிறபோது பாதையில் நெஞ்சைக் கொடுத்து பிளாக் போடணும், இல்லை பக்கவாட்டுப் பட்டையான லாபிக்கு வெளியே டேஷ் அடித்துத் தள்ளணும். முதல் வேலைக்குத் தாழ்ந்த இடுப்பும் பொறுமையான காலும் வேண்டும், இரண்டாவதற்குத் தோளும் கனமும் வேண்டும். ஆகவே "இவனுக்கு உடம்பு இல்லை" என்று யாராவது சொன்னால், "எந்த இடத்துக்கு இல்லை?" என்று திருப்பிக் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

சரி, கார்னரை எப்படிப் பார்ப்பது? ஆட்டத்துக்கு முந்தி, சும்மா இருக்கும்போதே ஒன்று செய்து பார்க்கலாம். பயலைக் குத்தவைத்து உட்காரச் சொல்லுங்கள். குதிகால் தரையில் முழுசாகப் படிந்திருக்கணும், முதுகு ரொம்ப வளையக் கூடாது, கை முன்னால் நீட்டி இருக்கணும். ஒரு நிமிஷம் அப்படி இருக்கட்டும். குதிகால் தூக்குகிறதா, முட்டி உள்ளே சாய்கிறதா என்று பாருங்கள். குதிகால் தூக்கினால் கணுக்கால் இறுக்கம், அவன் கார்னரில் குனிந்து நிற்கும்போது எடை எல்லாம் முன்பாதத்தில் ஏறிவிடும், ரைடர் ஒரு பொய்க் கால் காட்டினால் முன்னால் விழுந்துவிடுவான். முட்டி உள்ளே சாய்ந்தால் இடுப்புப் பக்கத்துத் தசையில் பலம் இல்லை, அதே நிலையில் எண்பது கிலோ ஆளை இழுத்து நிறுத்தினால் முட்டி ஜவ்வு போகும். இது ரெண்டும் பயிற்சியில் சரியாகிற விஷயம், ஆனால் சரியாக்காமல் போட்டிக்கு இறக்கக் கூடாது. கபடியில் முட்டி போய், இருபத்திரண்டு வயசில் ஆட்டத்தை விட்ட பயல்கள் எங்கள் சுற்றுவட்டாரத்திலேயே அஞ்சாறு பேர் இருக்கிறார்கள்.

அடுத்தது தொடை. முன்தொடை எல்லாரும் பார்ப்பது. நீங்கள் பின்தொடையையும் பிட்டத்தையும் பாருங்கள். ஆங்கிள் ஹோல்ட், அதாவது கணுக்கால் பிடி, போட்ட பிறகு ரைடர் நடுக்கோட்டைப் பார்த்து இழுப்பான், அப்போது கையால் நிறுத்த முடியாது. கை வெறும் கொக்கிதான், நங்கூரம் இடுப்பு. பிடித்த கணமே இடுப்பைத் தாழ்த்தி, பின்னால் உட்காருவது மாதிரி எடையைப் போடுகிறவன் நிறுத்திவிடுவான். கையால் மட்டும் இழுக்கிற பயல் ரைடரோடு சேர்ந்து இழுபட்டுக்கொண்டே போய் நடுக்கோட்டில் விட்டுவிடுவான். வண்டிமாடு சேற்றில் நின்று இழுக்கும்போது பின்னங்கால் எப்படி இறங்கும், அந்த மாதிரி.

கை விஷயத்திலும் நாம் புஜத்தைப் பார்த்து ஏமாறுகிறோம். பார்க்க வேண்டியது மணிக்கட்டும் விரலும். ரைடரின் கணுக்கால் வியர்வையில் வழுக்கும், அதைச் சுற்றி விரல் பூட்டணும். நீளமான விரல், தடித்த மணிக்கட்டு உள்ள பயல் பார்க்க ஒல்லியாக இருந்தாலும் பிடி இறுகும். எங்கள் பக்கம் பனையேறிக் குடும்பத்துப் பயல்களிடம் இந்தக் கையை நிறையப் பார்த்திருக்கிறேன். கிணற்றில் இறைத்தே வளர்ந்த பயல்களிடமும் பார்த்திருக்கிறேன். டவலைக் கிணற்று விட்டத்தில் போட்டு ரெண்டு முனையையும் பிடித்துத் தொங்கச் சொன்னால் முப்பது விநாடியில் கதை தெரிந்துவிடும். ஒரு ரைடும் முப்பது விநாடிதானே.

கவர் ஆளைப் பார்க்கிறபோது வேறு கண் வேண்டும். அங்கே கனம் நிஜமாகவே கணக்கு. ஓடுகிற ரைடரை நெஞ்சில் வாங்கி நிறுத்துகிறவன் அறுபது கிலோவில் இருந்தால் எவ்வளவு தைரியம் இருந்தும் பின்னால் சரிந்து நடுக்கோட்டுக்கு ரைடர் கை போய்விடும். ப்ரோ கபடியில் சுர்ஜீத் சிங் ரைட் கவரில் நின்று பிளாக் போடுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். தோள், கழுத்து, நெஞ்சு மூன்றும் ஒரே பலகையாக வந்து முட்டும். அதோடு இன்னொன்றும் பாருங்கள், முட்டுகிற நேரத்தில் அவர் கால் தரையில் இருக்கும். புதுக் கவர் பயல்கள் தாவி முட்டுவார்கள். காற்றில் இருக்கிற உடம்புக்கு எடை எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஆகவே கவர் பயலின் உடம்பை எடைபோடும்போது மூன்று எட்டு எடுத்து வைத்து நிற்கிற வேகத்தைப் பாருங்கள். நின்ற பிறகு உடம்பு ஆடாமல் இருந்தால் அவன் தேறுவான்.

எடை என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆகணும். சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ வரம்பு. ஜூனியர் பிரிவுகளுக்கு அதற்கும் குறைவு. நம் ஊர்ப் போட்டிகளிலும் எடை வைத்து நடத்துகிறவர்கள் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பயல், நல்ல கவர், எடைப் பிரிவுக்கு மூன்று கிலோ கூடுதலாக இருந்தான். அவனை அழைத்துப் போனவர்கள் ரெண்டு நாள் தண்ணீர் கொடுக்காமல், சட்டைக்கு மேல் சட்டை போட்டு வெயிலில் ஓடவைத்து எடையை இறக்கிவிட்டார்கள். தராசில் ஏறிப் பாஸ் ஆனான். ரெண்டாவது ஆட்டத்தில், ரைடர் இன்னும் பாக் லைனைக்கூடத் தாண்டவில்லை, இவன் நின்ற இடத்திலேயே முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டான். உதடு வெள்ளையாக வெடித்திருந்தது, கூப்பிட்டால் கண் மட்டும் திரும்புகிறது. ராத்திரி பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதினாறு பதினேழு வயசுப் பயலின் உடம்பு வளர்ந்துகொண்டிருக்கிற உடம்பு, அதிலிருந்து எடையைப் பிடுங்கக் கூடாது. பிரிவுக்கு எடை கூடுதலா, மேல் பிரிவில் ஆடட்டும், ஆட இடம் கிடைக்கவில்லையா, ஒரு போட்டி போகட்டும். இந்த விஷயத்தில் நான் யாரோடும் சமாதானமாகப் போக மாட்டேன்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கம் சிவப்புத் தேரி மணலில் ஓடி வளர்ந்த பயலுக்குக் கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கும். மணல் காலுக்குக் கீழே நழுவும், ஒவ்வொரு எட்டுக்கும் கூடுதலாக மிதிக்கணும், அதனால் வருகிற பலம் அது. ஆனால் அதே பயலை மேட் விரிப்பில் ஏற்றினால் முதல் மாசம் தடுமாறுவான். மணலிலும் மண்ணிலும் வெறுங்காலோடு ஆடும்போது கால் கொஞ்சம் வழுக்கி நிற்கும், அந்த வழுக்கலை நம்பியே அவன் உடம்பு திரும்பப் பழகியிருக்கும். மேட்டில் ஷூ போட்ட கால் அப்படியே ஒட்டி நின்றுவிடும், உடம்பு மட்டும் திரும்பும், கணுக்கால் பிசகும். அதனால் மண்ணிலிருந்து மேட்டுக்கு வந்த பயலை முதல் ரெண்டு மூன்று மாசத்தில் வைத்து "இவன் ஸ்லோ" என்று முத்திரை குத்தாதீர்கள். அது வேகக் குறை இல்லை, கால் இன்னும் தரையைப் படித்து முடிக்கவில்லை. பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துக்குத் தேர்வுக்கு வருகிற கிராமத்துப் பயல்கள் பல பேர் இந்த இடத்தில்தான் கழன்று போகிறார்கள். தேர்வுக்கு முன்னால் ஒரு பத்து நாளாவது எங்கேயாவது மேட் விரிப்பில் ஓடவைத்துக் கூட்டிப்போங்கள்.

அடுத்த கேள்வி, "இன்னும் வளருவானா?" டீக்கடையில் இதற்கு ஆளாளுக்கு ஒரு முறை இருக்கிறது. அப்பாவைப் பார், தாய்மாமனைப் பார், பாதத்தைப் பார் என்பார்கள். அதில் விஷயம் இல்லாமல் இல்லை. உயரத்தில் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. போன வருஷத்து பேண்ட் இந்த வருஷம் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தால் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் வளர்கிற காலத்தில் ஒரு ஆறேழு மாசம் பயல் கையும் காலும் தனித்தனியாக ஆடுவது மாதிரி இருக்கும், போன வருஷம் சுலபமாகப் பிடித்த பிடி இந்த வருஷம் தவறும். அதைப் பார்த்து "இவன் போயிட்டான்" என்று சொல்லிவிடுகிறோம். போகவில்லை, கால் நீளம் மாறியிருக்கிறது, அதைக் கணக்குப் போட மூளைக்கு நேரம் வேண்டும்.

முதல் சீசனை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ப்ரோ கபடி லீக்கில் ஆடுகிற நம் தமிழ்நாட்டு அணி தமிழ் தலைவாஸிலேயே உதாரணம் இருக்கிறது. சாகர் ராத்தி 2019-ல், ப்ரோ கபடி ஏழாவது சீசனில் தலைவாஸுக்கு வந்தபோது அவரைப் பெரிதாக யாரும் பேசவில்லை. நடுவில் கொரோனா, ஒரு வருஷம் லீக்கே இல்லை. எட்டாவது சீசனில் ரைட் கார்னரில் நின்று 82 டேக்கிள் புள்ளி, அதாவது ரைடரைப் பிடித்ததற்கான புள்ளி, எடுத்தார். அந்த சீசனில் அவருக்கு மேலே இருந்த ஒரே ஆள் 89 எடுத்த பாட்னா பைரேட்ஸின் ஈரான்காரர் முகமதுரேசா ஷாட்லூயி. 2022-ல் கேப்டன் பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டு வெளியே போனதும் கேப்டன் பொறுப்பு சாகரிடம்தான் வந்தது. தலைவாஸ் முதல் தடவையாக அரையிறுதி பார்த்த சீசன் அது. அதற்கு நேர் எதிராக ஷாட்லூயியையும் சொல்லணும், அவருக்கு அதுதான் முதல் சீசன், வந்த சீசனிலேயே அடித்துவிட்டார். ரெண்டு மாதிரியும் நடக்கும், அதனால்தான் ஒரு பயலுக்கு ஒரு முழு வருஷம் கொடுங்கள் என்கிறேன்.

வயசு ஆனவர்களைப் பற்றியும் இதே அவசரம். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் 1975-ல் பிறந்தவர். 2016-ல், நாற்பத்தொரு வயசில், பாட்னா பைரேட்ஸ் கோப்பை எடுத்தபோது அவர்தான் கேப்டன், அதே வருஷம் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய அணியிலும் இருந்தார். 2019 வரைக்கும் லீக்கில் கார்னர் நின்றார். அவர் ஆட்டத்தை எடுத்துப் போட்டுப் பயல்களுக்குக் காட்டுங்கள். எப்போது பிடிக்கப் போக வேண்டும் என்று அவருக்குத் தெரியும், அந்த வயசிலும் அவர் நிலைத்ததற்கு அதுதான் காரணம்.

அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிற என் அத்தான் லீவுக்கு வரும்போதெல்லாம் அங்கே ஆடுகிற கால்பந்தைப் பற்றிப் பேசுவார். நாம் பார்க்கிற கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். அதில் லைன்பேக்கர் என்று ஒரு இடம். முன்வரிசையில் முட்டிக்கொண்டு நிற்கிறவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் நின்று, பந்து எந்தப் பக்கம் போகிறது என்று படித்து, ஓடி வருகிறவனை மோதிச் சாய்க்கிற வேலை. எனக்குக் கேட்கக் கேட்க நம் கவர் ஆள் ஞாபகம்தான் வந்தது. அங்கேயும் ரசிகர்கள் இதே சண்டைதான் போடுகிறார்களாம், புதுப் பயலின் உயரம் காணுமா, எடை காணுமா என்று. அங்கே அளந்தே பார்த்துவிடுகிறார்கள். வருஷா வருஷம் புது ஆட்களை வரவழைத்து நாற்பது கெஜம் ஓடவிட்டு நேரம் பார்க்கிறார்கள், 102 கிலோ எடையைப் படுத்துக்கொண்டு எத்தனை தடவை தூக்குகிறான் என்று எண்ணுகிறார்கள். அவ்வளவு அளந்தும் என்ன ஆனது என்று அத்தான் சொன்னதை எழுதுகிறேன். அங்கே அணிகள் முறைவைத்துப் புது ஆட்களை எடுப்பதற்கு டிராஃப்ட் என்று பேர். 1996 டிராஃப்டில் ரே லூயிஸ் என்ற லைன்பேக்கர் 26-வது ஆளாக எடுக்கப்பட்டார். அதே வருஷம் ஸாக் தாமஸ், உயரம் காணாது என்று பேசப்பட்டவர், ஐந்தாவது சுற்றில் 154-வது ஆளாகப் போனார். இன்றைக்கு ரெண்டு பேருமே அந்த ஆட்டத்தின் மிகச் சிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முந்தி சாம் மில்ஸ் என்று ஒருவர், ஐந்தடி ஒன்பது அங்குலம், அவரை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவே இல்லை. வேறொரு லீக்கில் ஆடிக் காட்டி அப்புறம்தான் பெரிய லீக்குக்கு வந்தார். அவரும் 2022-ல் அந்த ஹாலுக்குள் போய்விட்டார். ஓட்டமும் தூக்கும் அளக்க முடிந்தது, எதிராளி தோளை அசைக்கும் முன்பே எந்தப் பக்கம் போவான் என்று படிப்பதை அளக்க அவர்களிடமும் கருவி இல்லை. கபடியில் அதைக் கண்ணால் பார்த்து எழுதிவைக்கலாம்.

எழுதிவைக்கச் சொல்கிறேன், நிஜமாகவே. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு பயலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு ஆட்டம் முழுக்க அவனை மட்டும் பாருங்கள். ரைடரைப் பார்க்கவே பார்க்காதீர்கள், முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். எத்தனை தடவை பிடிக்கப் போனான், எத்தனை பிடி விழுந்தது. முதல் கை யாருடையது, இவன் தொட்ட பிறகு மற்றவர்கள் வந்தார்களா, மற்றவர்கள் பிடித்த பிறகு இவன் மேலே விழுந்தானா. எத்தனையாவது விநாடியில் போனான். தவறவிட்ட பிறகு அடுத்த ரைடில் எப்படி நின்றான். இவ்வளவுதான் எழுத வேண்டியது. அஞ்சாறு ஆட்டம் எழுதினால் உருவம் தெரிய ஆரம்பிக்கும். பத்து முயற்சிக்கு அஞ்சு பிடி விழுந்தாலே என் கணக்கில் நல்ல கார்னர். நாலு பிடி பிடித்தான் என்று சொல்கிறவர் பதிமூன்று தடவை போனான் என்பதைச் சொல்ல மாட்டார், ஒன்பது புள்ளி எதிரணிக்குப் போயிருக்கும்.

நேரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், புதுப் பயல் தேறுவானா மாட்டானா என்பது எனக்கு அங்கேதான் தெரியும். ரைடர் உள்ளே வந்த உடனே முதல் அஞ்சு விநாடிக்குள் பாய்கிறவன் பயத்தில் பாய்கிறான். சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ரெண்டு வெறும் ரைடுக்குப் பிறகு வருகிற மூன்றாவது ரைடைப் பாருங்கள், டூ ஆர் டை. புள்ளி எடுக்காமல் போனால் ரைடர் அவுட். அதாவது அவன் வந்தே ஆகணும். அந்த ரைடில் கார்னர் பயல் அசையாமல் காத்திருந்தால் அவனுக்கு ஆட்டம் புரிந்திருக்கிறது. அதே மாதிரி போனஸ். போனஸ் எடுக்க ரைடர் ஒரு காலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து இன்னொரு காலைத் தூக்கணும், அந்த ஒரு கணம் அவன் ஒற்றைக் காலில் நிற்கிறான். ஆங்கிள் ஹோல்டுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

போன ஆவணியில் ஒரு கொடையில் பார்த்ததைச் சொல்கிறேன். மேலே நான் சொன்ன டீக்கடைச் சண்டை இந்தப் பயலைப் பற்றியதுதான். ராத்திரி ஒன்றரை மணி, டியூப் லைட்டைச் சுற்றிப் பூச்சி, தண்ணீர் தெளித்த மண் மறுபடி காய்ந்து தூசி கிளம்புகிறது. இவன் அணியில் மூன்று பேர்தான் மிச்சம், பிடித்தால் சூப்பர் டேக்கிள், ரெண்டு புள்ளி. எதிரணி ரைடர் எழுபத்தெட்டு எண்பது கிலோ இருப்பார், இவன் ஐம்பத்தொன்பது. ரைடர் ரெண்டு தடவை வலது காலை நீட்டிக் காட்டினார். இவன் கை விரல் மட்டும் விரிந்து மூடியது, உடம்பு நகரவில்லை. கூட்டத்தில் "போலே, போலே!" என்று கத்துகிறார்கள். மூன்றாவது தடவை கால் நீண்டபோது ரைடரின் தோளும் கூடவே வந்தது, முந்தின ரெண்டு தடவையும் தோள் வரவில்லை. பயல் அதைப் பார்த்தான். அப்போதுதான் இறங்கினான். கணுக்காலில் ரெண்டு கையும் பூட்டி, இடுப்பைத் தரையோடு இறக்கி, கன்னம் மண்ணில் உரச, ரைடர் அவனை ஒரு அடி இழுத்தார், ரெண்டாவது அடி இழுக்க முடியவில்லை. அதற்குள் மற்ற ரெண்டு பேரும் வந்து விழுந்தார்கள். அவன் எழுந்தபோது இடது மோதிர விரல் பிசகி வெளியே நின்றது. தானே இழுத்துச் சரிசெய்துகொள்ளப் போனவனை நான்தான் சத்தம் போட்டுத் தடுத்தேன். பிசகிய விரலை இழுக்கக் கூடாது, இருக்கிறபடியே அசையாமல் வைத்து ஆஸ்பத்திரியில் காட்டணும், இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இவன் தேறுவானா? டீக்கடையில் நான் சொன்னது இதுதான். கார்னருக்குக் கண்ணும் காலும் வந்துவிட்டது. எடை இன்னும் எட்டுப் பத்துக் கிலோ ஏறணும், அதை ரெண்டு வருஷத்தில் மெதுவாக ஏற்றணும். பின்தொடைக்கும் இடுப்புக்கும் வேலை கொடுக்கணும், தினம் ரெண்டு முட்டை, கொண்டைக்கடலை, பால், எட்டு மணி நேரத் தூக்கம். கவரில் நிறுத்திப் பார்க்கக் கூடாது. இப்படி இடம், குறை, காலம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறவரும் எதையாவது பிடித்துப் பேச முடியும். "சூப்பர்", "வேஸ்ட்" என்று சொன்னால் அதற்கு மேல் குரல் உயர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

விவாதம் செய்யும்போது இன்னும் ரெண்டு விஷயம். ஒன்று, "இவன் அடுத்த ஃபசல்" என்று சொல்லாதீர்கள். ஃபசல் அத்ராசலி ப்ரோ கபடியில் மற்ற எல்லாரையும்விட அதிக டேக்கிள் புள்ளி எடுத்த ஆள், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவை அரையிறுதியிலேயே நிறுத்திய ஈரான் அணியில் நின்றவர். பதினேழு வயசுப் பயல் தலையில் அந்தப் பேரை வைத்தால் அவன் அடுத்த ஆட்டத்தில் ஃபசல் மாதிரி ஆட முயற்சி பண்ணி, தனக்கு வருகிற பிடியையும் விட்டுவிடுவான். இன்னொன்று, பயல் காது கேட்க உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். "ஒல்லிக்குச்சி" என்று சொல்லச் சொல்ல, யாரோ விற்கிற பவுடரையும் ஊசியையும் தேடிப் போகிற பயல்கள் உண்டாகிவிட்டார்கள். பயிற்சியாளரிடமோ அவன் அப்பாவிடமோ தனியாகச் சொல்லுங்கள்.

உங்கள் நோட்டில் ஒரு பயல் தேறுவான் என்று தெரிந்துவிட்டால் அதோடு விடாதீர்கள். மாவட்ட அணித் தேர்வு எப்போது என்று விசாரித்து வையுங்கள், பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், தேர்வு அன்றைக்கு இதில்தான் பல பேர் திரும்பி வருகிறார்கள். பள்ளியில் படிக்கிற பயல் என்றால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போடுங்கள். ரயில்வே, காவல்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன ஆட்களிடம் ஒரு தடவை அழைத்துப்போய்ப் பேசவையுங்கள், வீட்டில் ஆட்டத்துக்கு விடுவார்கள்.

நான் சொன்ன பயலுக்கு விரல் கட்டு பிரித்தாகிவிட்டது. இப்போது அறுபத்திரண்டரை கிலோ. வர்ற பொங்கலுக்கு வள்ளியூர்ப் பக்கம் மேட் விரிப்பில் ஆடப் போகிறான், நோட்டோடு நானும் போகிறேன்.